எதன் இரட்டிப்பு?

(சின்னமனூரில் தொழிலாளர்களும் கடை, ஆலை உரிமையாளர்களும் கூடியிருந்த அவையில், ஓ.டி. சம்பளக் கணக்கு பற்றித் தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசை முழுக்க முதலாளிமார்களும், பின்வரிசை முழுக்க அவர்களிடம் வேலை பார்ப்பவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். யாரும் இடம் பிரித்துக் கொடுக்கவில்லை, தானாக அமைந்துவிட்டது. பரவாயில்லை. இன்று பேசப்போவது இரண்டு தரப்புக்கும் பொதுவான கணக்கு. கூடுதல் நேர வேலைக்கான சம்பளம். நம் பேச்சில், ஓ.டி.

ஓ.டி.க்கு எவ்வளவு என்று கேட்டால் இங்கே விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும், "டபுள்" என்று. சரியான பதில். ஆனால் எதன் டபுள்? எந்த மணியிலிருந்து டபுள்? இந்த இரண்டையும் கேட்டால் முதலாளியும் தடுமாறுகிறார், தொழிலாளியும் தடுமாறுகிறார், சில சமயம் கணக்குப்பிள்ளையும் தடுமாறுகிறார். நான் பார்த்த வழக்குகளில் இரண்டால் பெருக்கத் தெரியாமல் பணம் போனதாக ஒன்றுமில்லை. பெருக்குவதற்கு முன்னால் நடக்கும் கூட்டலிலும் வகுத்தலிலும்தான் போயிருக்கிறது.

முதலில், 2025 நவம்பர் வரை இருந்த பழைய சட்டம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்தால், அந்தக் கூடுதல் நேரத்துக்குச் சாதாரணச் சம்பள விகிதத்தைப் போல் இரண்டு மடங்கு தர வேண்டும் என்றது அது. இந்த 48 மணி நேரம் வானத்திலிருந்து விழவில்லை. 1922-இல் வாரத்துக்கு 60 மணி, 1934-இல் 54 மணி என்று இறங்கி வந்தது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் முயற்சியால் 1946-இல் திருத்தம் வந்தது. அதன் பிறகுதான் 48 மணி. அதற்கு முன்பே, 1923 மே 1 அன்று, சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியிருக்கிறார். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி. துணையோடு வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் வார விடுமுறையும் ஒன்று. நம் தாத்தா, பாட்டிகள் காலத்துச் சண்டை இது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, தேனிப் பக்கம் நூற்பாலை ஒன்றில் வேலை பார்க்கும் முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 15,600 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,400. வீட்டு வாடகைப்படி 2,600. போக்குவரத்துப்படி, சலவைப்படி எல்லாம் சேர்ந்து இன்னொரு 2,600. எட்டு மணி நேர ஷிப்ட், வாரம் ஆறு நாள். அந்த மாதம் இரண்டு வாரங்களில், வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றிருக்கிறார். மொத்தம் 16 மணி நேர ஓ.டி.

முருகனுக்கு எவ்வளவு வர வேண்டும்?

வார விடுமுறை போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 600. எட்டால் வகுத்தால் மணிக்கு 75. இரட்டித்தால் 150. பதினாறு மணிக்கு 2,400 ரூபாய்.

இனி நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு கணக்குப்பிள்ளை 26-க்குப் பதிலாக 30-ஆல் வகுக்கிறார். சம்பளமில்லாத விடுமுறை நாளையும் வகுத்தலில் சேர்த்துவிட்டார். மணிக்கு 65, இரட்டித்தால் 130. முருகனுக்கு 2,080. இன்னொரு கணக்குப்பிள்ளை 26-ஆல்தான் வகுக்கிறார், ஆனால் அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டும் எடுக்கிறார். 10,400 என்றால் மணிக்கு 50, இரட்டித்தால் 100. முருகனுக்கு 1,600. மூன்றாமவர் "சிங்கிள்தான் எங்கள் மில் வழக்கம்" என்கிறார், முழுச் சம்பளத்திலிருந்து: 1,200. நான்காமவர் அடிப்படையிலிருந்து சிங்கிள்: 800. அதே ஆள், அதே பதினாறு மணி நேரம். 2,400 வர வேண்டிய இடத்தில் 800 வருகிறது. நால்வரும் சம்பளச் சீட்டில் ஒரே தலைப்பில்தான் எழுதுகிறார்கள், "ஓ.டி." என்று.

இதில் இரண்டாவது கணக்குப்பிள்ளைதான் கொஞ்சம் விவரமானவர். "படிகள் சம்பளம் ஆகாது, அவை செலவுக்குத் தருவது" என்று வாதாடுவார். 59-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. சாதாரணச் சம்பள விகிதம் என்றால் அடிப்படைச் சம்பளமும், தொழிலாளிக்கு அந்த நேரத்தில் உரிய படிகளும் சேர்ந்தது. குறைந்த விலையில் உணவு தானியம் தரும் ஆலையானால் அந்தச் சலுகையின் பணமதிப்பும் சேரும். விலக்கு இரண்டே. ஒன்று போனஸ், மற்றொன்று ஓ.டி. பணம்.

இந்த வாதம் நம் மாநிலத்திலேயே பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் நடந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவ டாங்கி செய்யும் இடம். அங்கே அரசே முதலாளி. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, சலவைப்படி போன்றவற்றை ஓ.டி. கணக்கில் சேர்க்கத் தேவையில்லை என்று அமைச்சகச் சுற்றறிக்கைகளை வைத்துக்கொண்டு அரசு சொன்னது. தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் நின்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பையே உறுதிசெய்தது. சட்டம் "படிகள்" என்று சொல்லியிருக்கும்போது சுற்றறிக்கை போட்டு அதைச் சுருக்க முடியாது என்பதுதான் சாரம். டாங்கி செய்கிறவர்களுக்கே இவ்வளவு காலம் ஆனது என்றால், பஞ்சு அடிக்கிறவர்களுக்கு எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் தீர்ப்பு வந்துவிட்டது. இனி கணக்குப்பிள்ளை அந்த வாதத்தை எடுத்தால் ஆவடி என்று ஒரு சொல் சொல்லுங்கள்.

முதலாளிமார்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. ஊதியத் தொகுப்பின் 14-ஆம் பிரிவும், பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 27-ஆம் பிரிவும் ஓ.டி.க்கு இரட்டிப்பு என்றுதான் சொல்கின்றன. ஆனால் சம்பளம் என்பதற்கான விளக்கம் மாறியிருக்கிறது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, தக்கவைப்புப்படி, இவை மூன்றே சம்பளம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி எல்லாம் வெளியே. அப்படி வெளியே நிற்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டும் திரும்பச் சம்பளத்துக்குள் வரும்.

முருகனுக்கு இதைப் பொருத்துங்கள். வெளியே நிற்பது 5,200. மூன்றில் ஒரு பங்குதான், பாதியைத் தாண்டவில்லை. ஆகவே சம்பளம் 10,400 என்று சொல்லி, மணிக்கு 150 என்பதை 100 ஆக்க முதலாளிக்கு ஒரு வழி திறக்கிறது. ஆவடித் தொழிலாளர்கள் பழைய சட்டத்தில் வென்றதைப் புதிய சட்டத்தின் விளக்கப் பிரிவு சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்க்கிறது. என்னைக் கேட்டால் இது அநியாயம். சம்பள உயர்வு என்று விளம்பரம் செய்யப்பட்ட சட்டம், அதிக நேரம் உழைப்பவனின் மணிக்கூலியைக் குறைக்க இடம் கொடுக்கலாமா? ஆனால் புதிய சட்டத்துக்கு மாறும் காலத்தில் பழைய சட்டங்களின் விதிகள் தொடரும் என்று ஒன்றிய அரசே அறிவித்திருக்கிறது. ஆகவே முதலாளிமார்களே, இன்றைக்கே ஓடிப்போய் 150-ஐ 100 ஆக்கிவிடாதீர்கள். ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டு முழுச் சம்பளத்திலிருந்து ஓ.டி. தரும் ஆலைகள் அந்த ஒப்பந்தத்தை மதித்தே ஆக வேண்டும். தொழிற்சங்கத்தார் அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் ஓ.டி. எதிலிருந்து கணக்கிடப்படும் என்று ஒரு வரி தெளிவாக எழுதி வாங்குங்கள். நூறு ரூபாய் சம்பள உயர்வுக்குப் போராடும்போது இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறோம்.

அடுத்த கேள்வி, எந்த மணியிலிருந்து?

இங்கேதான் இரண்டு அளவுகோல்கள் குறுக்கே வருகின்றன. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் நாளுக்கு 9, வாரத்துக்கு 48. ஒருவர் ஆறு நாளும் ஒன்பது மணி நேரம் வேலை செய்கிறார். நாள் கணக்கில் ஓ.டி. பூஜ்யம். வாரக் கணக்கில் 54, எனவே 6 மணி நேர ஓ.டி. இன்னொருவர் இரண்டு நாள் பதினொரு மணி நேரம், மூன்று நாள் ஏழு மணி நேரம், ஒரு நாள் ஐந்து மணி நேரம். கூட்டினால் சரியாக 48, வாரக் கணக்கில் பூஜ்யம். ஆனால் நாள் கணக்கில் முதல் இரண்டு நாளுக்கும் சேர்த்து 4 மணி நேரம் உண்டு. மூன்றாமவர் ஆறு நாளும் பத்து மணி நேரம். நாள் கணக்கில் 6, வாரக் கணக்கில் 12. அவருக்குப் பன்னிரண்டு. பதினெட்டு அல்ல. இரண்டையும் கூட்டிக் கேட்கும் தொழிலாளர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. நாள் கணக்கு, வாரக் கணக்கு இரண்டில் எது தொழிலாளிக்கு லாபமோ அதை எடுக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வரம்பு. தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓ.டி. வாங்கவும் முடியாது. புதிய சட்டத்தைத் திட்டிய வாயால் இந்த இரண்டையும் பாராட்டிவிடுகிறேன்.

பதினைந்து நிமிடம் முன்னால் வரச்சொல்லி சூப்பர்வைசர் கூட்டம் போடுவது, ஷிப்ட் முடிந்த பிறகு மெஷினைத் துடைத்துவிட்டுப் போகச் சொல்வது, அடுத்த ஷிப்ட் ஆள் வரும்வரை நிற்கவைப்பது, இதெல்லாம் வேலை நேரம். நாளுக்கு அரை மணி நேரம் என்றாலும் 26 நாளுக்கு 13 மணி நேரம். முருகனின் விகிதத்தில் 1,950 ரூபாய். பதிவேட்டில் இந்த அரை மணி நேரம் ஏறுவதே இல்லை. நுழையும்போதும் வெளியேறும்போதும் விரல்ரேகை வைக்கும் இயந்திரம் வாசலில் இருக்கிறது. ஆனால் சம்பளம் போடும்போது இயந்திரத்தின் நேரத்தை எடுக்காமல் ஷிப்ட் நேரத்தை எடுக்கிறார்கள். தாமதமாக வந்தால் மட்டும் இயந்திரத்தின் நேரத்தை எடுக்கிறார்கள்!

ஓ.டி.க்கும் உச்சவரம்பு உண்டு. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் பொதுவான விதிவிலக்குகளில், ஓ.டி. சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி, மூன்று மாதத்துக்கு ஓ.டி. மட்டும் 50 மணி என்று இருந்தது. அசாதாரண வேலை நெருக்கடிக்கு அனுமதி வாங்கினால் மூன்று மாதத்துக்கு 75. நம் பக்கம் "டபுள் ஷிப்ட்" என்று பதினாறு மணி நேரம் நிற்கவைப்பது இந்த எந்த வரம்புக்குள்ளும் அடங்காது. வரம்பு மீறி வேலை வாங்கியதால் அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்று ஒருவர் வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். சட்டத்தை மீறியவரே அந்த மீறலால் லாபம் அடைய முடியாது ஐயா. டபுள் ஷிப்டுக்கு டபுளும் தர வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும்.

பீஸ் ரேட் வேலை செய்கிறவர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போடியில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்கள் கிலோ கணக்கில் கூலி வாங்குகிறார்கள். "எடைக்கு எடை காசு, இதில் ஓ.டி. எங்கே வந்தது?" என்பார்கள். தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வரும் இடமானால் அவர்களுக்கும் ஓ.டி. உண்டு. முந்தைய மாதம் அதே வேலையில் உண்மையில் வேலை செய்த நாட்களின் சராசரி வருமானம்தான் அடிப்படை. போன மாதம் 24 நாள் வேலை செய்து, ஓ.டி. நீக்கி, 11,520 ரூபாய் வாங்கியிருந்தால் நாளுக்கு 480. எட்டு மணி நேர வேலையென்றால் மணிக்கு 60. ஓ.டி. மணிக்கு 120. இங்கே வகுப்பது 26-ஆல் அல்ல, உண்மையில் வேலை செய்த 24 நாளால். உடம்பு சரியில்லாமல் போன இரண்டு நாளையும் சேர்த்து வகுத்தால் அந்தப் பெண்ணுக்கு நட்டம்.

இனி நம் ஊர் மெயின் ரோட்டுக்கு வருவோம். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, வாழைக்காய் மண்டி. இவற்றுக்கு 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். இது மாநிலச் சட்டம், புதிய தொகுப்புகள் இதை ரத்துசெய்யவில்லை. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. ஓய்வையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். கூடுதல் நேரத்துக்கு 31-ஆம் பிரிவின்படி இரட்டிப்பு. 2021-இல் இதே சட்டத்தில்தான் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று திருத்தம் வந்தது. பத்தும் அதற்கு மேலும் ஆட்கள் உள்ள கடைகள் நாள் முழுதும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசு அனுமதித்தபோதும், ஓ.டி. சேர்த்து ஒருவருக்கு நாளுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணி என்று வரம்பு கட்டித்தான் அனுமதித்தது. கடை இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கலாம், ஆள் அப்படி நிற்க முடியாது.

ஒரு ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு வரும் பெண் இரவு ஒன்பதரைக்குப் போகிறார். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், காலையும் மாலையும் சேர்த்து இன்னொரு அரை மணி நேரம் ஓய்வு. மிச்சம் பத்தரை மணி நேரம். நாளுக்கு இரண்டரை மணி நேர ஓ.டி. மாதச் சம்பளம் 13,000 என்றால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு, ஓ.டி. மணிக்கு 125. மாதத்துக்கு 65 மணி நேரம். 8,125 ரூபாய்.

முன்வரிசையில் ஒரு சலசலப்பு. இவ்வளவு கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான் என்கிறீர்கள். கணக்கை இன்னும் ஒரு படி நீட்டிப் பாருங்கள். அப்படி மூன்று பேர் இருந்தால் அவர்களுடைய ஓ.டி. மட்டும் 24,375 ரூபாய், 195 மணி நேரத்துக்கு. அதே 13,000-க்கு ஒரு ஆளைப் புதிதாகச் சேர்த்தால் 208 மணி நேர வேலை கிடைக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கட்டினாலும் மிச்சம். இரட்டிப்பு என்று சட்டம் வைத்ததன் நோக்கமே அதுதான். ஓ.டி.யை விலை உயர்ந்ததாக்கினால் முதலாளி இன்னொருவரை வேலைக்கு எடுப்பார், இருக்கிறவர் நேரத்தோடு வீடு போவார். இந்த நோக்கம் நிறைவேறாமல் இருப்பதற்கு ஒரே காரணம், ஓ.டி. இரட்டிப்பாகக் கொடுக்கப்படாமல் இருப்பது. தீபாவளி வாரத்தில் பிரியாணிப் பொட்டலமும் ஐந்நூறு ரூபாய்த் தாளும் கொடுத்தால் இரவு பன்னிரண்டு மணிவரை நிற்கவைக்கலாம் என்றால், யார்தான் புதிதாக ஆள் எடுப்பார்கள்?

"ஓ.டி.க்குப் பதிலாக ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டோம்" என்பது இன்னொரு பதில். வார விடுமுறை நாளில் வேலை வாங்கினால் மாற்று விடுமுறை தர வேண்டும், அது தனி. கூடுதல் மணி நேரத்துக்குச் சட்டம் சொல்வது பணம்.

"அவர் சூப்பர்வைசர், அவருக்கு ஓ.டி. கிடையாது" என்பதும் உண்டு. மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் சட்டையில் சூப்பர்வைசர் என்று ஒரு அட்டை குத்திவிட்டதால் ஒருவர் மேலாளர் ஆகிவிட மாட்டார். ஆள் எடுக்க, நீக்க, லீவு கொடுக்க அதிகாரம் உண்டா, அல்லது மற்றவர்களோடு சேர்ந்து மூட்டை தூக்குகிறாரா என்றுதான் பார்ப்பார்கள். மேற்பார்வை வேலையே செய்தாலும் மாதம் 18,000 ரூபாய்க்கு மிகாமல் சம்பளம் வாங்குபவர் புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொழிலாளிதான்.

மலைக்குப் போகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் சின்னமனூரில் ஒரு கூட்டத்தை முடிக்க முடியாது. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களும், இங்கே மேகமலை, ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்தவர்கள். தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் எல்லாம் அதில் அடக்கம். அங்கேயும் வாரத்துக்கு 48 மணி நேரம், மேற்பட்டால் இரட்டிப்பு என்று இருந்தது. அதிலும் நாளுக்கு 9, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது என்றது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு இருந்தது. ஓய்வு நேரம், வேலைக்காகக் காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நாள் முடிய வேண்டும். தோட்டத்தில் ஆஜர் எடுத்த பிறகு கங்காணி வரும்வரை குந்தியிருப்பது, பறித்த காயை எடைபோட வரிசையில் நிற்பது, இவை எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள் வந்தன. ஜீப் பயணம் பொதுவாக வேலை நேரமாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆனால் பயணத்துக்காக அவர்கள் இழக்கும் தூக்கத்தை எந்தச் சட்டமும் கணக்கிடவில்லை என்பதை நான் வழக்கறிஞராக அல்ல, இந்தப் பள்ளத்தாக்குக்காரனாகச் சொல்கிறேன். மாநில எல்லை தாண்டினால் கேட்க ஆளில்லை என்று நினைக்காதீர்கள். தோட்டம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துத் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். பேசும் மொழி உரிமையைக் குறைக்காது.

இந்த இரட்டிப்பை எடுத்துவிடப் பலமுறை முயற்சி நடந்திருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 17 அன்று, குஜராத் அரசு ஓர் அறிவிக்கை போட்டது. தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு விகிதாசாரக் கூலி போதும் என்றது. எட்டு மணிக்கு 80 ரூபாய் என்றால் பன்னிரண்டு மணிக்கு 120 ரூபாய் என்று உதாரணமும் கொடுத்தது. மணிக்கு பத்து ரூபாய், சிங்கிள். வாரத்துக்கு 24 மணி நேர ஓ.டி.க்கு 480 தர வேண்டிய இடத்தில் 240. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2020 அக்டோபர் 1 அன்று அதை ரத்துசெய்தது. பெருந்தொற்று சட்டம் சொல்லும் பொது நெருக்கடி ஆகாது என்றது. அந்த மாதங்களில் வேலை செய்தவர்களுக்கு ஓ.டி.யைக் கொடுக்கவும் உத்தரவிட்டது.

நம் மாநிலமும் சும்மா இருக்கவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு, வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தானே என்று அப்போது சிலர் கேட்டார்கள். நாள் கணக்கு வைத்த ஓ.டி. அங்கே காணாமல் போகிறது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் சொல்லவில்லை.

கடைசியாகச் சாட்சியம். பாண்டியர் செப்பேடுகள் கிடைத்த ஊர் இது. கொடுத்த நிலத்துக்கு எல்லை எது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செம்பில் வெட்டி வைத்தார்கள், பிற்பாடு யாரும் நகர்த்தக் கூடாதென்று. உங்களிடம் செம்பு கேட்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, வந்த நேரம், போன நேரம், யார் நிற்கச் சொன்னார். அன்றன்றே எழுத வேண்டும், மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய நோட்டை எதிர்த்தரப்பு வக்கீல் கையில் வாங்கியதுமே சிரித்துவிடுவார். இன்றைக்கு ராத்திரி நில்லு என்று வாட்ஸப்பில் வந்த செய்தியை அழிக்காதீர்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிருந்தாலும் பயப்படாதீர்கள். சட்டம் தரும் ஊதிய உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று ஊதியத் தொகுப்பின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையதுதான். ஆகவே முதலாளிமார்களே, பதிவேட்டை ஒழுங்காக வைத்திருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. உண்மையில் இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டு, எழுதி வைக்காததால் வழக்கில் மறுபடியும் கொடுத்தவர்கள் உண்டு.

புகாரோடு எங்கே போவது? தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கடை என்றால் தேனியில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகம். வேலை செய்த நேரமே தகராறில் இல்லை, தொகையைக் கணக்கிட்டுத் தரத்தான் வேண்டும் என்றால் மதுரைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் போகலாம். பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதத்துக்குள்ளும், ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் ஒரு வருடத்துக்குள்ளும் கேட்க வேண்டியிருந்தது. புதிய ஊதியத் தொகுப்பில் மூன்று ஆண்டு அவகாசம். நிலுவைத் தொகையோடு, அதைப் போல் பத்து மடங்குவரை இழப்பீடும் விதிக்கலாம்.

இரண்டு வரிசையும் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். போன மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, ஓ.டி. என்று எழுதியிருக்கும் தொகையை ஓ.டி. மணிகளால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் உங்கள் சாதாரண மணிக்கூலியைப் போல் இரண்டு மடங்கு இல்லையென்றால், தொழிலாளர்கள் முதலில் முதலாளியிடமே கேளுங்கள். முதலாளிமார்கள் அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.